சாக்குப் பைக்குப் பதில் ஒரு ஆபரேஷன்!

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு ராத்திரி 9 மணி வாக்கில் போயிருக்கிறீர்களா? விடிகாலையில் கடலுக்குப் போன விசைப்படகுகள் கரை திரும்பும் நேரம் அது. கூடை கூடையாக மீன் இறங்கும். ஏலம் கூவும் சத்தம் காதைப் பிளக்கும். அந்தக் கூட்டத்தின் காலுக்கடியில் இன்னொரு கூட்டமும் காத்து நிற்கும். நாலு கால் கூட்டம்! கழித்துப் போட்ட பொடி மீன், குடல், தலை... எதுவும் வீணாகாது. ஐஸ் பெட்டிக்கு மேலே பூனை, கீழே நாய். என்றைக்கோ ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போகிற நமக்கு அது ரசிக்கத்தக்க காட்சிதான். வேலை முடிந்து நடுராத்திரியில் தனியாக சைக்கிள் மிதித்து வீடு திரும்புகிறாரே, அவரைக் கேட்டுப் பாருங்கள். அதே நாய்கள் ஏழெட்டாகச் சேர்ந்து தெருமுனையில் துரத்தும்போது அவருக்கு ரசனை எங்கிருந்து வரும்?

'மாநகராட்சி என்னதான் செய்கிறது?' என்று கோபமாகக் கேட்போம். நியாயமான கேள்விதான். தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடவேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு. 2001ல் வந்த மத்திய அரசு விதிகளும் அப்படித்தான் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக 2023ல் வந்த விதிகளும் அதையே சொல்கின்றன. அதில் குறை இருந்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கு நான் உங்களிடம் கேட்கப்போவது வேறு. அந்தத் தெருநாய் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்தா குதித்தது?

பாதி நம் வீட்டிலிருந்து வந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர்களில் வீட்டு நாய் என்பது பெரும்பாலும் கட்டாத நாய்தான். கழுத்தில் ஒரு பட்டை, ராத்திரி தட்டில் மீன் குழம்புச் சோறு, மற்ற நேரமெல்லாம் தெரு. நாய் பிடிக்கிற வண்டி உள்ளே நுழைந்தால் வீட்டுக்காரம்மா ஓடிவந்து, 'எய்யா, அது எங்க நாய்யா!' என்று தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிடுவார். வண்டி போனதும் கதவு திறக்கும், நாய் மறுபடி தெருவில்! அதற்குக் கருத்தடை நடப்பதே இல்லை. தெருவில் பிடிபட்ட நாய்க்கு இலவசமாக நடக்கிற ஆபரேஷன், பாசமாக வளர்க்கிற நாய்க்கு நடக்காமல் போகிறது. குட்டி போட்டதும் கடுவன் குட்டியைக் கேட்டு வாங்கிப் போக ஆள் வரும். பெட்டைக் குட்டியை யார் வாங்குவார்கள்? ஒரு சாக்குப் பை, ஒரு சைக்கிள் கேரியர், ஊருக்கு வெளியே ஒரு உடைமரக் காடு... கதை முடிந்தது. கன்னி, சிப்பிப்பாறை என்று ஜாதி நாய் வளர்க்கிற வீடுகளும் இதற்கு விலக்கில்லை.

பூனைக் கதை இன்னும் சுருக்கம். 'மார்க்கெட்ல விட்டா மீன் கெடைக்கும், பொழைச்சுக்கிடும்!' அவ்வளவுதான்.

திரேஸ்புரம் பக்கம் ஒரு அக்கா. வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். அவர்கள் வீட்டுப் பூனை மூன்றாவது தடவையாகக் குட்டி போட்டிருந்தது. 'பூனைக்கும் ஆபரேஷன் இருக்குக்கா, பண்ணிடலாமே' என்றேன். 'எவ்வளவு ஆகும்?' என்று கேட்டார். வெளியில் தனியாரிடம் போனால் சில ஆயிரம் ஆகும் என்றேன். சிரித்துவிட்டார். 'எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினப்ப பெரியாஸ்பத்திரியில ரூவா குடுத்துல்லா அனுப்பினாக. பூனைக்குப் பண்ண நான் ரூவா குடுக்கணுமாக்கும்?'

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. சொன்னது சரிதானே? 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சிவப்பு முக்கோணத்தைச் சுவரெல்லாம் வரைந்த காலத்தில், அரசாங்கம் பிரசாரத்தோடு நிற்கவில்லை. ஆபரேஷனை இலவசமாக்கியது, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தது. ஏழைக் குடும்பத்தின் ஒருநாள் கூலி போகிறதே என்று அன்றைக்கு யோசித்தவர்கள் இருந்தார்கள். நாய், பூனை விஷயத்தில் மட்டும் 'பொறுப்போடு வளருங்கள்' என்று புத்தி சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். அக்காவிடம் பொறுப்பு இருக்கிறது. பாசமும் இருக்கிறது. இல்லாதது சில ஆயிரம் ரூபாய்!

'குடும்ப ஆரோக்கியப் பத்திரிகையில் நாய்க்கு என்ன வேலை?' என்று சிலர் முகம் சுளிக்கலாம். 2024ல் மட்டும் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம். வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். ஐ.சி.எம்.ஆர். நடத்திய ஆய்வு, நாடு முழுவதும் ஆண்டுக்கு 5,700 பேருக்கு மேல் இந்த நோயில் சாவதாகக் கணக்கிட்டது. அறிகுறி தெரிய ஆரம்பித்தபின் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லாத வியாதி இது. வெறிநாய் என்று சந்தேகப்படும் நாயிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருவில் விளையாடுவது அவர்கள்தானே!

தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்தை இந்தியா 2004 கடைசியில் நிறுத்திவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் தோலுக்குள் போடுகிற ஊசி இலவசம். முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் போக வேண்டும். ஊசி இலவசம், சரி. உப்பளத்தில் தினக்கூலிக்குப் போகிற ஒருவருக்கு நாலு நாள் கூலியை யார் தருவார்கள்? கடி ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டும். அரசாங்கத்துக்கும் அது செலவுதான். அந்தச் செலவையும் ஒரு பெட்டை நாய்க்கான ஆபரேஷன் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள் என்றுதான் நான் அதிகாரிகளைக் கேட்பேன்.

'பிடித்துக் கொன்றுவிட்டால் போச்சு!' என்பார்கள் சில பெரியவர்கள். அதையும் செய்து பார்த்துவிட்டோம். நம் சென்னையிலேயே! 1860ல் ஆரம்பித்தது மதராஸ் மாநகராட்சியின் நாய் கொல்லும் வேலை. ஒன்றிரண்டில் தொடங்கியது, 1995 வாக்கில் ஒரு நாளைக்கு 135 நாய் வரை வந்து நின்றது. நாய்த் தோலில் கழுத்துப்பட்டையும் பர்சும் செய்யலாமா என்று தோல் ஆராய்ச்சிக்கூடத்தில் வடிவமைத்துப் பார்க்கும் அளவுக்கு 1970களில் தோல் குவிந்ததாம்! நூறு வருஷத்துக்கு மேல் கொன்றும் நாய் குறையவில்லை. ஒரு தெருவைக் காலி செய்தால், அங்கே கிடக்கிற எச்சில் சோற்றுக்கு அடுத்த தெரு நாய் வருகிறது. அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

கேப்டன் சுந்தரம் என்ற விமானி 1959ல் தொடங்கிய சென்னை புளூ கிராஸ், 1964லேயே இதற்கு மாற்றாகக் கருத்தடையைக் கையில் எடுத்தது. அவருடைய மகன் டாக்டர் சின்னி கிருஷ்ணா அதற்கு ஏ.பி.சி. என்று பெயர் வைத்தார். அரிச்சுவடி மாதிரி எளிது என்று புரிய வேண்டுமாம்! அந்த அரிச்சுவடி மாநகராட்சிக்குப் புரிய 32 வருஷம் ஆனது. 1996ல்தான் கொல்வதை நிறுத்திக் கருத்தடைக்கு ஒத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் சென்னையில் வெறிநோயால் இறந்தவர்கள் 120 பேர். 2003ல் 5 பேர்.

ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் நகரத்திலும் 1994 முதல் இதே வேலை நடந்தது. பெட்டை நாய்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஆபரேஷனும் தடுப்பூசியும் ஆனபோது, நாய்கள் 28 சதவீதம் குறைந்தன. திட்டம் நடந்த பகுதியில் மனிதர்களுக்கு வெறிநோய் வருவதே நின்றுபோனது. 2006ல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். பூட்டான் இன்னும் ஒரு படி மேலே. 2009ல் ஆரம்பித்து, 2023ல் 'எங்கள் நாட்டில் தெருவில் திரியும் நாய்கள் எல்லாவற்றுக்கும் கருத்தடை முடிந்தது' என்று அறிவித்தது. ஒன்றரை லட்சம் நாய்களுக்கு மேல்! சின்ன நாடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலை ஏறி இறங்கி நாய் பிடித்திருக்கிறார்கள். நம் ஊர் மேசை மாதிரி சமதளம்!

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆபரேஷன் மட்டும் வெறிநோயைத் தடுத்துவிடாது. தடுப்பது தடுப்பூசி. ஆனால் ஆபரேஷன் மேசையில் படுத்த நாய் ஊசி போடாமல் எழுந்து போகாது. அதற்குப் பிறகு புதுக் குட்டிகள் பிறந்து பிறந்து ஊசி போடாத கூட்டம் பெருகுவதும் நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். பூனைக்கு ஐந்தாறு மாதத்திலேயே பருவம் வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம். குட்டி பால் குடிக்கும்போதே தாய் மறுபடி சினையாகிவிடலாம்! நாய்க்கும் சினைக்காலம் அதே ஒன்பது வாரம்தான். ஆனால் பருவம் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை. 'ஒரு ஜோடி நாய் ஆறு வருஷத்தில் 67 ஆயிரம் நாயாகிவிடும்' என்று ஒரு கணக்கு உலாவுகிறது. நம்பாதீர்கள். அப்படி ஆகியிருந்தால் நமக்கு நிற்க இடம் இருந்திருக்காது. மேற்கு வங்காளத்தில் தெருநாய்க் குட்டிகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். ஏழு மாதம் வரை உயிரோடிருந்தது ஐந்தில் ஒரு குட்டிதான். மற்றவை வண்டியில் அடிபட்டும், நோயிலும், மனிதர் கையாலும் போய்விட்டன. 'கர்ப்பப்பையை எடுப்பது பாவமில்லையா?' என்று கேட்கிறவர்கள் இந்த நாலு குட்டிகளின் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் செய்துகொண்ட மிருகத்துக்கும் லாபம் உண்டு. வயதான பெட்டை நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது நம் டாக்டர்கள் அடிக்கடி பார்க்கிற ஆபத்து. கர்ப்பப்பையே இல்லாவிட்டால் சீழ் எங்கே பிடிக்கும்? முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். தெருநாய்களுக்குப் பிறப்புறுப்பில் ரத்தம் கசிகிற ஒரு கட்டி வரும். ஜோடி சேரும்போது தொற்றுவது. அதற்கும் வழியடைபடும். கடுவன் பூனை ராத்திரியெல்லாம் கத்திச் சண்டை போட்டுக் காது கிழிந்து வருவதும் பெரும்பாலும் குறைந்துவிடும். 'காவல் காக்காதே?' என்ற பயம் வேண்டாம். நாய் தன் இடத்தைக் காப்பது பழக்கத்தால். ஒன்றே ஒன்று, உடம்பு கொஞ்சம் போடும். சோற்றைக் குறையுங்கள்.

'ஆபரேஷன் எதுக்கு? பருவம் வராம ஊசி போட்டுவிடுங்க டாக்டர்' என்று கேட்பது ஒரு வழக்கம். அந்த ஹார்மோன் ஊசி மலிவுதான். திரும்பத் திரும்பப் போட்டால் நான் மேலே சொன்ன சீழும் மார்புக் கட்டியும் வர அதுவே வழி செய்யும்.

கர்ப்பிணிப் பெண் இருக்கிற வீட்டில் பூனையை விரட்டிவிடச் சொல்வார்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பயம். பயம் பொய்யில்லை. ஆனால் விரட்ட வேண்டியதில்லை. பூனையின் கழிவு ஒரு நாளைக்கு மேல் கிடந்த பிறகுதான் கிருமி தொற்றும் நிலைக்கு வரும். அதனால் வேறு யாராவது தினமும் அள்ளிவிடட்டும். கர்ப்பிணி தோட்ட மண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அரைவேக்காட்டுக் கறியும் கழுவாத காய்கறியும் இதே கிருமியைக் கொண்டுவரும் என்பதையும் மறக்காதீர்கள். இந்தக் கிருமியை அதிகம் வெளியேற்றுவது முதன்முதலில் தொற்று வாங்கும் குட்டிப் பூனைகள். குட்டி குறைந்தால் அந்தத் தொல்லையும் குறையும்.

சரி, காசுக்கு வருவோம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகராட்சி 1971லேயே குறைந்த கட்டணத்தில் நாய், பூனைகளுக்குக் கருத்தடை செய்ய சொந்தமாக ஒரு மருத்துவமனை திறந்தது. தெரு மிருகத்துக்கு அல்ல, வீட்டு மிருகத்துக்கு! பணக்கார நாட்டுக்காரனுக்கே 'விலை குறைந்தால்தான் கொண்டுவருவான்' என்று தெரிந்திருக்கிறது. நம் மத்திய அரசும் இப்போது நாய்க்கு 800 ரூபாய், பூனைக்கு 600 ரூபாய் என்று கருத்தடைக்கு உதவித்தொகை வைத்திருக்கிறது. உள்ளாட்சிகளும் தொண்டு நிறுவனங்களும் பெறலாம். பூனையையும் கணக்கில் சேர்த்ததற்கு ஒரு சபாஷ்! ஆனால் இது தெருவுக்கான பணம். திரேஸ்புரம் அக்காவின் பூனைக்கு இதில் இடம் எங்கே?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. அரசு கால்நடை மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள், வீட்டு நாய் பூனைகளுக்கென்று கருத்தடை நாள். முந்நூறு ரூபாய் மாதிரி ஒரே கட்டணம், போர்டில் எழுதிப் போட வேண்டும். மீனவர், உப்பளத் தொழிலாளர் நலவாரிய அட்டை காட்டினால் அதுவும் வேண்டாம். மாடும் ஆடும் முக்கியம்தான், மறுக்கவில்லை. அந்த டாக்டர்களுக்கு வேலை கூடும் என்றால் ஆளைக் கூட்டுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கிருந்து பயிற்சி மாணவர்கள் வந்தால் அவர்களுக்கும் கை பழகும். ஆனால் 'நீ அங்கே கொண்டு போ' என்று அக்காவைச் சொல்லாதீர்கள். ஒயர் கூடையில் பூனையைப் போட்டுத் துணி கட்டி, ரெண்டு பஸ் மாறி, கண்டக்டரிடம் பேச்சு வாங்கி... நீங்கள் போவீர்களா?

ஆள் சேர்ப்பதும் கஷ்டமில்லை. ஜூலை 6, விலங்குவழி நோய்த் தடுப்பு நாள். அன்றைக்கு இலவச வெறிநோய் ஊசிக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறோமே, அந்த மேசையிலேயே ஒரு நோட்டுப் போட்டுப் பெயர் எழுதச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள், நாயைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கும். முகாம் போட அதைவிட நல்ல சமயம் உண்டா? ஆனால் அந்த இரண்டு மாதம் கையில் காசும் இருக்காது, ஞாபகம் இருக்கட்டும். உப்பள வீடுகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் தோதுப்படும்.

மலிவு என்றால் அவசரம் என்று ஆகிவிடக் கூடாது. 2014ல் சத்தீஸ்கர் மாநிலத்துப் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில், 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் கருத்தடை ஆபரேஷன் செய்து, 13 பேர் இறந்துபோனார்கள். மனிதருக்கே அந்தக் கதி என்றால்! ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று கணக்கு வையுங்கள். கருவிகளைச் சுத்தம் செய்யாத முகாமில் ஒரு நாய் புண் அழுகிச் செத்தால், அந்தத் தெருவில் அடுத்த பத்து வருஷத்துக்கு ஒருவரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

கொண்டுபோக முடிந்தவர்கள் இப்போதே கொண்டுபோங்கள். டாக்டர் சொல்கிற மணியிலிருந்து சாப்பாட்டை நிறுத்துங்கள். 'பாவம், பசிக்குமே' என்று விடிகாலையில் பால் ஊற்றிவிடாதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து. திரும்பி வந்தபின் பத்து நாள் குளிப்பாட்டக் கூடாது. தையலை நக்கவிடக் கூடாது. அதற்குக் கழுத்தில் மாட்டும் கூம்பு கிடைக்கும். தெருவில் காது ஓரத்தில் சின்னதாக வெட்டு இருக்கிற நாயைப் பார்த்தால் அடிபட்டது என்று நினைக்காதீர்கள். கருத்தடை முடிந்தது என்பதற்கான அடையாளம் அது. நாயோ பூனையோ கடித்தால், பிராண்டினாலும்கூட, 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம்.

திரேஸ்புரம் அக்காவைப் போன வாரம் பார்த்தேன். மூன்று குட்டிகளில் ஒன்றை மச்சினி வீட்டில் கேட்டிருக்கிறார்களாம். மற்ற இரண்டையும் என்ன செய்வது என்று தெரியவில்லை என்றார். சாக்குப் பை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 'பால் மறந்ததும் தாயைக் கொண்டாரேன். வண்டி மட்டும் தெருமுனைக்கு வரச் சொல்லுங்க. கூடை எங்கிட்ட இருக்கு' என்றார்.